இருளிற் குறிபார்த்தல்

1926 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி இரவு. இமயமலைச் சாரலிலே, அலகநந்தா, மந்தாகினி என்னும் நதிகள் இரண்டும் கூடுகின்ற உருத்திரப்பிரயாகைக்கு அண்மையில், கோலாப்பிராய் என்னும் இடத்தில், யாத்திரிகர் தங்கும் மடமொன்றின் அருகே நின்ற மாமரத்தின்மேல் ஐம்பது வயதான ஒருவர் துப்பாக்கியோடு அமர்ந்திருந்தார். மரத்துக்குச் சற்று அப்பால், கழுத்திலே மணி பூண்ட ஆடொன்று கட்டப்பட்டிருந்தது. கேதாரநாதத்துக்கும் பத்திரிநாதத்துக்கும் செல்லும் அடியார்கள் நடக்கும் பாதை அது. 1918 ஆம் ஆண்டு தொடக்கம் அப்பகுதியிலே ஒரே சிறுத்தை, அரசாங்கக் கணக்கின்படி, 125 மனிதரைக் கொன்றிருந்தது. பொழுது பட்டபின் வீட்டுக் கதவைத் திறக்க எவருந் துணியார். மரத்தின்மேல் இருந்தவர் ஜிம் கோர்பெற். அவர் 1875 ஆம் ஆண்டு நைனிதாலிலே பிறந்தவர். காட்டையே பள்ளியாகக் கொண்டு வளர்ந்தவர். அம்மரத்தில் அவர் கழித்த இரவுகள் பல. எல்லாம் பயனின்றியே விடிந்தன.

அன்றிரவு ஆட்டின் மணி சடுதியாக ஒலித்தது. கோர்பெற்றின் கண்ணுக்கு ஆடும் தெரியவில்லை, சிறுத்தையும் தெரியவில்லை, கையிலிருந்த துப்பாக்கியின் குறியுந் தெரியவில்லை. ஒலி வந்த திசையை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்தவாறே, அதிற் பொருத்தியிருந்த மின்சூளின் விசையை அவர் அழுத்தினார். ஒளி பாய்ந்த அக்கணத்தில் குறியானது சிறுத்தையின் தோளிலே படிந்திருக்கக் கண்டார். துப்பாக்கியை இம்மியும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. வெடி தீர்ந்தது, உடனே மின்சூளும் அணைந்தது. மீண்டும் இருள். சிறுத்தை செத்ததோ, காயத்தோடு தப்பியதோ, அறிவதற்கு வழியில்லை. பொழுது விடியும்வரை அவர் மரத்தை விட்டு இறங்கவில்லை.

இந்நிகழ்ச்சியை 1948 ஆம் ஆண்டளவில் வெளிவந்த தமது நூலிலே அவரே எழுதியுள்ளார். அதனைப் படிப்போர் வியப்பது பெரும்பாலும் அவருடைய துணிவையும் பொறுமையையுமே. ஆயின், அக்கதையின் நடுவே நுட்பமான வினாவொன்றும் கிடக்கின்றது. மங்கிய ஒளியில் மனிதக் கண்ணும் துப்பாக்கியின் குறியும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை செய்யும்? எவ்விடத்தில் ஒன்றையொன்று கைவிடும்? வேட்டைக்காரரும் துப்பாக்கி செய்வோரும் கண்ணாடி கடைவோரும் இரசாயன அறிஞரும் நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வினாவுக்கு விடை தேடிவந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளை ஒருசேர நோக்கின், அவற்றுள்ளே எளிய உண்மையொன்று ஊடுருவி நிற்பது புலனாகும். குறிக்கு வேண்டிய ஒளி மிகச் சிறிது. அதன் எல்லையை மீறிய ஒளி குறியைக் காட்டி இலக்கை மறைத்துவிடும்.

சாதாரணத் துப்பாக்கியிற் குறிகள் இரண்டு உண்டு. குழலின் நுனியிலே நிற்பது முன்குறி. கண்ணுக்கு அண்மையில் வெட்டுவாயோடு அமைந்திருப்பது பின்குறி. பின்குறியின் வெட்டுக்குள்ளே முன்குறியை நிறுத்தி, அதன் தலையை இலக்கின்மேற் பொருத்துவதே குறிபார்த்தல் எனப்படும். ஆகவே, கண்ணானது ஒரே வேளையில் மூன்று பொருள்களை நோக்கவேண்டியுள்ளது. ஒன்று அரை மீற்றருக்குள். மற்றொன்று ஏறக்குறைய ஒரு மீற்றரில். மூன்றாவது ஐம்பது மீற்றரிலோ நூறு மீற்றரிலோ. மூன்றையும் ஒருங்கே தெளிவாகக் காண எக்கண்ணாலும் இயலாது. பகலொளியிலே கண்மணி 2 அல்லது 3 மில்லிமீற்றராகச் சுருங்கியிருப்பதால், சிறுதுளையூடாகப் பார்ப்பதுபோல, அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஓரளவு தெளிந்தே தோன்றும். அந்தி சாய்ந்ததும் கண்மணி விரியும். இளையோர்க்கு அது 7 மில்லிமீற்றர் வரையும் அகலும். அப்பொழுது அந்தத் தெளிவு குலைந்துவிடும். ஒன்றை நோக்கின் மற்றையவை கலங்கும். ஐம்பது வயதைத் தொட்டவர்க்கோ அண்மைப் பார்வையே தளர்ந்துவிடுகின்றது. புத்தகத்தைத் தூரப் பிடித்து வாசிப்பவர்க்குப் பின்குறி ஒரு புகைப்படலமாகவே தோன்றும்.

இதனோடு கண்ணின் மற்றுமோர் இயல்பையும் அறிதல் வேண்டும். விழித்திரையிலே கூம்புகள் என்றும் கோல்கள் என்றும் இருவகைக் கலங்கள் உண்டு. கூம்புகள் பகலுக்குரியவை, நிறத்தையும் நுண்ணிய வடிவத்தையும் காட்டுபவை. கோல்கள் இருளுக்குரியவை, மிகச் சிறிய ஒளியையும் உணர்பவை, ஆயின் நிறமறியாதவை, வடிவத்தையும் பருமட்டாகவே காட்டுபவை. இவ்விரட்டை அமைப்பை ஜேர்மானிய அறிஞர் மாக்ஸ் சூல்ற்சே 1866 ஆம் ஆண்டில் விளக்கினார். விழித்திரையின் நட்டநடுவே, ஒரு பொருளை உற்றுநோக்கும்போது அதன் உருவம் விழுகின்ற இடத்தில், கோல்களே இல்லை. ஏறத்தாழ ஒன்றேகாற் பாகை அகலமுள்ள இவ்விடம் விண்மீனொளியிலே குருடாகும். 50 மீற்றர் தொலைவில் இக்குருட்டிடம் ஒரு மீற்றருக்குமேல் அகன்றுவிடும். ஒரு சிறுத்தையின் உடலை விழுங்குவதற்கு இது போதும். இருளிலே உற்றுப்பார்த்தால் மறைவதும், சற்று ஓரமாய்ப் பார்த்தால் தோன்றுவதும் இதனாலேயாம். காவலிருந்து பழகியோர் இலக்கை நேரே வெறிக்காமல் அதன் அருகிலே பார்வையை உலாவவிடுவர்; காரணம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாமலும் இருக்கலாம்.

கோல்கள் முற்றாக விழித்தெழுவதற்கு முப்பது நாற்பது நிமிடம் வேண்டும். அவ்வாறு பொறுத்திருந்து பெற்ற பார்வையைத் தீக்குச்சி ஒன்றின் சுடர் நொடிப்பொழுதில் அழித்துவிடும். செந்நிறத்தைக் கோல்கள் ஏறக்குறைய உணர்வதில்லை. ஆதலின் மங்கிய செவ்வொளி இருட்பார்வைக்கு அதிக கேடு செய்யாது. மாலையிற் செந்நிற மலர்கள் முதலிற் கருத்து, நீலமலர்கள் நெடுநேரம் வெளுத்துத் தோன்றுவதைப் புர்க்கிஞ்சே என்னும் செக் நாட்டு அறிஞர் 1825 ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். மற்றொன்று, இருளிற் கண் சிறிது கிட்டப்பார்வை உடையதாக மாறுகின்றது. இதனை 1789 ஆம் ஆண்டிலேயே வானியலாளர் நெவில் மஸ்கலின் தம் கண்ணிற் கண்டறிந்தார். பகலில் மூக்குக்கண்ணாடி வேண்டாதவர்க்கும் இரவிலே தூரத்துப் பொருள் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறைகளோடு கூடிய கண்ணுக்கு எத்தகைய குறி பொருந்தும்?

முன்னாளைய வேட்டைக்காரர் கண்ட வழி மிக எளியது. முன்குறியின்மேற் சிறிது வெண்பஞ்சையோ துணிக்கிழியையோ கட்டிக்கொள்வர். நிலவொளியிலே அவ்வெண்மை மங்கலாகத் தோன்றும், அதுவே குறியாகும். பின்னர் இங்கிலாந்தின் துப்பாக்கி வினைஞர் முன்குறியிலே யானைத்தந்த மணியைப் பதித்தனர். வெண்பூச்சுப் பூசிய பெரிய மணியொன்றை மடித்துவைத்து, இருண்டபின் நிமிர்த்திக்கொள்ளும் அமைப்பையுஞ் செய்தனர். பகலில் நுண்குறி, இரவில் பருங்குறி என ஒரே துப்பாக்கியில் இரண்டும் அமைந்தன.

பருமனுக்கு ஓர் அளவு உண்டு. கண்ணிலிருந்து 80 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்கும் முன்குறியின் மணி 1.6 மில்லிமீற்றர் அகலமாயின், அது 100 மீற்றரில் 20 சென்ரிமீற்றர் இடத்தை மறைக்கும். 2.4 மில்லிமீற்றராயின் 30 சென்ரிமீற்றரை மறைக்கும். பகலில் நெடுந்தூரம் சுடுவோனுக்கு இது பெருங்குறையே. ஆயின், இருளிற் சுடுவோன் 25 அல்லது 30 மீற்றருக்கு அப்பாற் சுடத் துணியலாகாது. அத்தூரத்தில் அப்பருத்த மணி மறைப்பது 9 சென்ரிமீற்றர் மாத்திரமே. கண்ணுக்குத் தெரியாத நுண்குறியினும் தெரிகின்ற பருங்குறி மேலானது. பின்குறியின் வெட்டுவாயும் அதற்கேற்ப அகன்றிருத்தல் வேண்டும். முன்குறியின் இருபுறமும் வெளிச்சக் கீற்றுத் தெரியாவிடின் அது நடுவில் நிற்கின்றதோ, சரிந்து நிற்கின்றதோ அறிய முடியாது. குறிகள் இரண்டுக்கும் இடையே 50 சென்ரிமீற்றர் உள்ள துப்பாக்கியில் ஒரு மில்லிமீற்றர் வழுவினால், 25 மீற்றரில் 5 சென்ரிமீற்றரும் 100 மீற்றரில் 20 சென்ரிமீற்றரும் வழுவும்.

வெட்டுவாய்க்குப் பதிலாகத் துளையுடைய பின்குறியும் உண்டு. அதனூடு நோக்குங் கண் தானாகவே துளையின் நடுவை நாடும். பார்ப்பவன் பின்குறியை நினைக்கவே வேண்டியதில்லை. பந்தயத் துப்பாக்கிகளில் இத்துளை ஒரு மில்லிமீற்றர் அளவிற் சிறிதாயிருக்கும். அந்தியில் அது பெரும் பகையாகும். 7 மில்லிமீற்றர் விரிந்த கண்மணியின் முன் ஒரு மில்லிமீற்றர் துளையை வைப்பவன், வரும் ஒளியில் நாற்பத்தொன்பதில் ஒரு பங்கையே உள்ளே விடுகின்றான். ஆகவே, இருள்வேளைக்குத் துளை அகன்றும் அதன் வளையம் மெலிந்தும் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் வளையம் பனிபோலக் கரைந்து, முன்குறியும் இலக்குமே கண்ணில் நிற்கும்.

வெண்மணியும் துளையும் வெளியொளியையே நம்பியிருப்பவை. நிலவும் இல்லாதபோது குறி தானே ஒளிரவேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. 1898 ஆம் ஆண்டில் கியூரி தம்பதியர் றேடியத்தைக் கண்டறிந்த பின்னர், அதனை நாகசல்பைட்டோடு கலந்து செய்த ஒளிப்பூச்சு முதலாம் உலகப்போர்க் காலத்தில் கடிகார முகங்களிலும் கருவிகளிலும் துப்பாக்கிக் குறிகளிலும் இடம்பெற்றது. அப்பச்சை ஒளிக்குக் கொடுத்த விலை பெரிது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கடிகார முகங்களுக்கு அப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டிலே கூராக்கும்படி பழக்கப்பட்டவர்கள். தாடையெலும்பு சிதைந்தும் குருதி குன்றியும் பலர் மாண்டனர். உயிரோடிருந்த ஐவர் தொடுத்த வழக்கு 1928 ஆம் ஆண்டில் இணக்கத்தில் முடிந்தது. றேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 1600 ஆண்டு. எனினும் அதனோடு கலந்த நாகசல்பைட்டு சில ஆண்டுகளிலேயே பழுதுபட்டு ஒளியிழந்துவிடும். ஒளி போய்விடும், நஞ்சு எஞ்சிநிற்கும்.

இன்று அவ்விடத்தைத் திரிற்றியம் பெற்றுள்ளது. அது ஐதரசனின் கதிர்த்தொழிற்பாடுள்ள வடிவம். அதனைச் சிறு கண்ணாடிக் குழாயுள் அடைத்து, உட்சுவரில் ஒளிரும்பொருளைப் பூசிவிடுவர். அதன் கதிர் கண்ணாடியைக் கடந்து வெளியே வருவதற்கும் வலியற்றது. மின்கலம் வேண்டாம், பகலில் வெயில் காட்டவும் வேண்டாம். ஆயின் அதன் அரைவாழ்வுக்காலம் 12.3 ஆண்டு. பன்னிரண்டு ஆண்டில் ஒளி பாதியாகும். இருபத்தைந்து ஆண்டிற் காற்பங்காகும். இத்தகைய குறியைத் தெரிவோர் அது செய்யப்பட்ட ஆண்டை முதலிலே பார்த்துக்கொள்ளல் நன்று. முன்குறியில் ஒரு புள்ளி, பின்குறியில் இரு புள்ளி என மூன்று ஒளிப்புள்ளிகள் அமைவது வழக்கம். மூன்றும் ஒரே நிறத்தில் ஒரே அளவாக ஒளிருமாயின், அவசரத்தில் நடுப்புள்ளி எது, ஓரப்புள்ளி எது எனக் கண் மயங்கும். முன்குறி ஒளிமிக்கதாகவும் பின்குறி அதனினும் மங்கியதாகவும் இருப்பதே ஏற்றது.

ஒளிரும் குறி வந்ததும் புதியதொரு மயக்கமும் கூடவே வந்தது. முற்றிருளிலே மூன்று புள்ளிகளும் நேர்கோட்டில் நிற்கக் காண்பவன், தான் இலக்கைக் காண்பதாகவே எண்ணிக்கொள்கின்றான். அவன் காண்பது துப்பாக்கியை மாத்திரமே. இலக்குத் தெரியாத இருளிற் குறி தெரிவதால் யாதொரு பயனும் இல்லை. இலக்கு ஓரளவு தெரிந்தும் கருங்குறி அதனோடு கலந்து மறைகின்ற பொழுதுகள் சில உண்டு: கதிரவன் மறைந்தபின் அரைமணி நேரமும், உதிக்குமுன் அரைமணி நேரமும், நிலாக் காலமும். திரிற்றியம் உதவுவது அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேதான்.

அவ்வெல்லையைச் சிறிது விரித்துத் தருவது தொலைகாட்டிக் குறி. இதிலே முன்குறி, பின்குறி என்னும் இரட்டைத் தொல்லை இல்லை. இலக்கும் குறிக்கம்பிகளும் ஒரே தூரத்தில் நிற்பனபோலத் தோன்றும். மூப்படைந்த கண்ணுக்கு இது பெருவரம். தொலைகாட்டி இருளை வெளிச்சமாக்கும் எனப் பலர் கருதுவது தவறு. எந்த வில்லையும் ஒரு காட்சிப் பரப்பை வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதினும் ஒளிமிக்கதாக ஆக்காது. ஒளியை அதிகம் இழக்காமற் பெரிதாக்கிக் காட்டுவதே அதனால் இயலும். பெரிதாகத் தோன்றும்போது கோல்களின் பருமட்டான பார்வைக்கும் வடிவம் பிடிபடுகின்றது.

இதற்கான கணக்கு எளிது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தாற் பிரிக்கக் கிடைப்பது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டமாகும். 56 மில்லிமீற்றர் வில்லையும் எட்டுமடங்கு பெருக்கமும் கொண்ட தொலைகாட்டி 7 மில்லிமீற்றர் ஒளிவட்டத்தைத் தரும். இது விரிந்த இளங் கண்மணிக்குச் சரியாகப் பொருந்துகின்றது. ஜேர்மனியிலே உயர்ந்த பரண்களில் அமர்ந்து நிலவொளியிற் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்போர் இவ்வளவையே நெடுங்காலம் விரும்பியமைக்குக் காரணம் இதுதான். ஆயின், வயது ஏற ஏறக் கண்மணி விரியும் ஆற்றல் குறைகின்றது. 5 மில்லிமீற்றருக்கு மேல் விரியாத கண்ணுடையோர்க்கு அதே எட்டுமடங்குப் பெருக்கத்தில் 40 மில்லிமீற்றர் வில்லையே போதும். எஞ்சியது கழுத்துக்குச் சுமை. மறுபுறம், 40 மில்லிமீற்றர் வில்லையில் ஒன்பது மடங்கு பெருக்குபவர்க்குக் கிடைப்பது 4.4 மில்லிமீற்றர் வட்டம். ஆறு மடங்குக்குக் குறைத்தால் 6.7 மில்லிமீற்றர். இருள் கூடக்கூடப் பெருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்னும் பழக்கத்தின் அடிப்படை இதுவே.

கண்ணாடியின் பூச்சும் கவனிக்கத்தக்கது. பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்து வீணாக்கும். முகங்கள் பத்தாயின் மூன்றிலொரு பங்கு ஒளி கண்ணை அடையாது. 1935 ஆம் ஆண்டில் ஜேனாவிலுள்ள சைஸ் தொழிற்சாலையில் அலெக்சாந்தர் சிமாக்குலா கண்ட தெறிப்பெதிர்ப்புப் பூச்சு இவ்விழப்பைப் பெரிதும் நீக்கியது. ஆயினும், சிறந்த கண்ணாடியிலும் மெல்லிய குறிக்கம்பிகள் அந்தியிலே மறைந்துபோகும். ஓரங்களிலிருந்து தடித்த மூன்று கோல்கள் நடுவை நோக்கி வந்து, நடுவிலே மாத்திரம் மெல்லியதாய் முடியும் அமைப்பை ஜேர்மானியர் கைக்கொண்டது அதற்காகவே. மெல்லிய நடு மறைந்தாலும் தடித்த கோல்களின் இடைவெளியே குறியாகும்.

கம்பிக்குப் பதிலாகச் செம்புள்ளி ஒன்றையே காட்டும் குறியும் பெருவழக்காகிவிட்டது. இதற்கு அடிப்படையான தெறிப்புக்குறியை 1900 ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துத் தொலைகாட்டி வினைஞர் ஹவார்ட் குறப் அமைத்தார். மின்னொளியாலான செம்புள்ளிக் குறி 1975 ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து சந்தைக்கு வந்தது. இரு கண்ணையும் திறந்தபடியே பார்க்கலாம், பெருக்கம் இல்லை, விரைவு மிகுதி. இதனைத் தெரியும்போது எவ்வளவு ஒளிரும் என்று கேட்பவர் பலர். எவ்வளவு மங்கும் என்று கேட்பதே அறிவு. பகலுக்கு அமைத்த ஒளியோடு அந்தியிற் பார்த்தால் புள்ளி பூவாய் விரிந்து, ஒளிவளையம் சூழ்ந்து, இலக்கையே மூடிவிடும். புள்ளி அணையும்வரை குறைத்து, பின் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தோன்றும் வரையிற் கூட்டுவதே முறை. கோயிற் கருவறையில் தூண்டாமணிவிளக்கு எரிவதுபோல, தான் இருப்பதை உணர்த்தவேண்டும், அவ்வளவே.

தெரிந்த குறியைச் சீர்செய்தலும் தெரிவைப்போன்றே முக்கியமானது. முதலிற் பகலில், அசையாத தாங்கியிலே துப்பாக்கியை வைத்து, சுடக்கருதும் அதே தோட்டாவைக்கொண்டு, இரவிற் சுடக்கூடிய தூரத்துக்கே குறியைத் திருத்துதல் வேண்டும். குண்டு செல்லவேண்டிய திசைக்கே பின்குறியை நகர்த்துக; முன்குறியாயின் அதற்கு எதிர்த்திசைக்கு நகர்த்துக. பகலிற் செம்மையானது அந்தியிலும் செம்மையாயிருக்கும் என்று நம்புதல் தவறு. மங்கிய ஒளியில் முன்குறியைக் காணும் ஆவலால் அதனை வெட்டுவாய்க்கு மேலே தூக்கிப் பிடிப்பது மனித இயல்பு. அதனாற் குண்டு மேலே செல்லும். ஆகவே, பாதுகாப்பான சூட்டுத்தளத்தில், அனுமதி பெற்று, அதே அந்திவேளையில் மீண்டும் சுட்டுப் பார்த்தாலன்றித் தன் கண்ணின் பிழையை ஒருவன் அறியமாட்டான். தொலைகாட்டியின் கண்வில்லையையும் இருளுக்குக் கண் பழகியபின்னரே திருத்துதல் தகும்; முன்னே கூறிய இரவுக் கிட்டப்பார்வை அப்பொழுதுதான் ஈடுசெய்யப்படும். துப்பாக்கியில் மின்சூளைப் பொருத்துவோர் அதன் ஒளிநடுவும் குறிநோக்கும் 25 மீற்றரளவில் ஒன்றுபடுமாறு அமைக்கவேண்டும். மின்சூளின் ஒளி முன்குறியின் முதுகிலே பட்டால் அது பளிச்சிட்டுக் கண்ணைக் கூசச்செய்யும். ஆதலின் முன்குறியை மங்கற் கருமையாக்குதல் நன்று. ஒளி பெற்ற இலக்கின்மேற் கருநிழலாக நிற்கும் குறியே மிகத் தெளிந்த குறி. அன்றிரவு கோர்பெற் கண்டதும் அத்தகைய காட்சியே போலும்.

இத்தனையும் அறிந்து, இத்தனையும் தேர்ந்து, இத்தனையும் சீர்செய்தபின்னரும் ஒரு வினா எஞ்சிநிற்கும். குண்டு எங்கே செல்லும் என்பதைக் குறி சொல்லும். அங்கே நிற்பது எது என்பதைச் சொல்லாது.

இதற்கு இருளும் வேண்டியதில்லை என்பதைக் கோர்பெற்றின் வாழ்க்கையே காட்டுகின்றது. குமாவூன் மலைநாட்டிலே சௌகார் என்னும் பகுதியில் முதிய பெண்புலியொன்று, வளர்ந்த தன் குட்டியோடு திரிந்து மனிதரைக் கொன்றுவந்தது. 1929 ஆம் ஆண்டில் இரண்டும் ஒருங்கே இருக்கக் கண்ட அவர், ஒன்றை முதிய பெண்புலியெனத் துணிந்து சுட்டார். பகல் வெளிச்சம், குறியிற் பிழையில்லை, குண்டும் கருதிய இடத்திலேயே பட்டது. வீழ்ந்தது குட்டி. தாய் தப்பிவிட்டது. 1930 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதனை அவர் சுட்டுவீழ்த்தும் வரையில் மேலும் பதினைந்து உயிர்கள் அப்பிழைக்கு இரையாயின என அவரே எழுதிவைத்தார். உலகப் புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் தம் தவற்றை அத்தனை எண்ணிக்கையோடு பதிவுசெய்தது அரிய நேர்மையாகும். வெற்றியின் கணக்கைப் பிறர் எழுதுவர். தவற்றின் கணக்கைச் செய்தவனே எழுதவேண்டும்.

பகலிலேயே இவ்வாறாயின் அந்தியில் நேரக்கூடியது யாது? புதரின் அசைவு பன்றியாயிருக்கலாம். விறகு பொறுக்கிவிட்டுப் பிந்தி வரும் பெண்ணாகவும் இருக்கலாம். பாதையோரம் தெரியும் கரிய உரு மானாயிருக்கலாம்; குனிந்து நீர் அள்ளும் சிறுவனாகவும் இருக்கலாம். காத்திருந்து களைத்தவனுடைய மனம், காண விரும்பியதையே கண்ணுக்குள் வரைந்துகொள்ளும். இன்று உடற்சூட்டையே உருவாகக் காட்டும் கருவிகள் வந்துள்ளன. முற்றிருளிலும் அவை உயிருள்ளதை உயிரற்றதிலிருந்து பிரித்துக்காட்டுகின்றன. எனினும், அவை காட்டுவதும் முகமற்ற ஒரு வெண்ணுருவையே. கருவி வளர வளர, சுட முடிந்த நேரம் நீளுகின்றது. இன்னதென்று அறிய முடிந்த நேரம் அதே அளவில் நீளுவதில்லை. அவ்விரண்டுக்கும் இடையே விழுந்த வெளியிலேதான் விபத்துகள் நிகழ்கின்றன.

ஜேர்மனியின் வேட்டைச் சட்டம் கதிரவன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்தபின்னரும் உதிப்பதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னரும் உள்ள பொழுதை இரவு என வகுத்து, காட்டுப்பன்றி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, குளம்புடைய வேட்டை விலங்குகளை அவ்விரவிற் சுடலாகாதென விலக்கியுள்ளது. அச்சட்டத்தின் எல்லை கடிகாரத்தில் உள்ளது. ஒவ்வொருவனும் தன் உள்ளத்திலே வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை வேறொன்று: இலக்கின் உடல் முழுவதையும், அதன் பின்னுள்ள நிலத்தையும், ஐயமின்றிப் பெயர்சொல்ல முடியாத கணத்திலே துப்பாக்கியைத் தாழ்த்திவிடுதல். விலைமிகுந்த குறியைப் பொருத்தியவனுக்கு இது பின்னும் கடினம். அக்குறி இன்னும் தெரிந்துகொண்டே இருக்கும்.

1926 ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் திகதி விடிந்தது. கோர்பெற் மாமரத்திலிருந்து இறங்கினார். ஆடு உயிரோடு நின்றது. சற்றுத் தொலைவிலே சிறுத்தை மாண்டு கிடந்தது. எட்டாண்டுகளாக மலைநாட்டின் இரவுகளை ஆண்ட அவ்வுருவைப் பேயென்றும் மந்திரவாதியின் மறுவடிவென்றும் மக்கள் நம்பியிருந்தனர். பகலொளியில் அது முதுமையுற்ற ஒரு விலங்காக மாத்திரமே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இயற்கையின் நெறிக்கு அது பிழை செய்யவில்லை, மனிதரின் நெறிக்கே பிழை செய்தது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

இரவில் ஒரு கணம் மின்சூள் காட்டியது தோள் ஒன்றை, அது போதுமாயிருந்தது. அது யாருடைய தோள் என்பதை முழுமையாகக் காட்டியது விடியல். அந்த விடியலுக்காக மரத்தின்மேற் காத்திருந்த மணித்தியாலங்களும் குறிபார்த்தலின் ஒரு பகுதியேயாம்.